நான் ஒட்டிவைத்த மழை

எல்லோரும் வீடியோ எடுக்கப் போன பிறகுதான் நான் வலைப்பூ ஆரம்பித்தேன். எனக்கு எப்போதுமே அப்படித்தான். ஊரே செல்போன் வாங்கி முடித்த பிறகு எங்கள் வீட்டுக்கு லேண்ட்லைன் வந்தது. திருச்சுழியில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். பகல் முழுக்கப் பேசுகிறவளுக்குச் சாயந்திரமும் பேச என்ன இருக்கிறது என்று என் வீட்டுக்காரர் கேட்டார். பகலில் நான் பேசுவதெல்லாம் பின்னமும் தசமமும். எனக்குப் பேச வேண்டியவை வேறு இருந்தன. மினி பஸ் வராதது, தண்ணீர் வண்டிக்காரன் எங்கள் தெருவை மட்டும் தாண்டிப்போவது, பக்கத்து வீட்டு ஆடு கொடியில் காய்ந்த என் சேலையைத் தின்றது.

முதல் சில மாதங்கள் அதை இரண்டு பேர் படித்தார்கள். ஒன்று, வீட்டில் போனில் பார்த்த நான். இன்னொன்று, பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டரில் பார்த்த நான். வீட்டுக்காரர் தானும் படித்ததாகச் சத்தியம் செய்தார். ஆட்டைப் பற்றி என்ன எழுதியிருந்தேன் என்று கேட்டதும் கடையில் வேலை கிடக்கிறது என்று கிளம்பிவிட்டார். எரிந்த மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். கிணற்றில் தண்ணீர் வற்றி, வெறுமனே ஓடித்தான் மோட்டார்கள் எரியும். அதனால் ஊரெல்லாம் காயும்போது எங்கள் வீட்டில் மட்டும் கொஞ்சம் காசு புழங்கும். இதை வெளியில் சொல்லக் கூடாது என்பது அவர் உத்தரவு.

ஏன் யாருமே வருவதில்லை என்று தேடியபோது, 'உங்கள் வலைப்பூவில் உங்கள் முகம் தெரிய வேண்டும்' என்று ஒரு பக்கத்தில் போட்டிருந்தது. என் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். தாலுகா ஆபீஸ் அறிவிப்புப் பலகை மாதிரி இருந்தது. சரி, முகத்தைக் காட்டுவோம் என்று போட்டோ போடப் போனால் வீட்டுக்காரர், "ஏற்கெனவே ஒருத்தரும் வரல, இதையும் போட்டு ஏன் பயமுறுத்துற?" என்றார். அன்று இரவு அவருக்குச் சட்னி கிடையாது. போட்டோவுக்குப் பதில் 'என்னைப் பற்றி' என்ற இடத்தில் நிறைய எழுதினேன். திருச்சுழி, டீச்சர், கோபம் சீக்கிரம் வரும், வீட்டுக்காரர் மெயின் ரோட்டில் காயில் கட்டுகிறார், நேரில் வருகிறவர்கள் கடையில் விசாரித்தால் வீடு காட்டுவார்கள் என்று. வீட்டு விசேஷத்துக்குப் பத்திரிகை அடித்தே பழகிய கை.

அதோடு விட்டிருக்கலாம். கடிகாரம் ஒன்று ஒட்டினேன். ராகுகாலம் காட்டும் நாள்காட்டி ஒட்டினேன். விரலை வைத்தால் பின்னாலேயே வரும் மீன்கள் ஒட்டினேன். கடைசியாக, பக்கத்தின் மேலிருந்து கீழே ஏதாவது உதிர்ந்துகொண்டே இருக்கும்படி செய்யலாம் என்று கண்டுபிடித்தேன். இதயம், ரோஜா இதழ், பனி, மழை என்று நாலு வகை இருந்தன. கல்யாண வயதில் பையன் இருக்கிறவள் இதயம் உதிர்க்க முடியாது. எங்கள் ஊரில் பனியை உதிர்த்தால் சிரிப்பார்கள். மழையை எடுத்தேன். ஏதோ ஒரு நீள நிரலை நகலெடுத்து டெம்ப்ளேட்டுக்குள் எங்கேயோ ஒட்டச் சொன்னார்கள். எங்கேயோ ஒட்டினேன். சரசரவென்று சாய்வாகப் பெய்ய ஆரம்பித்தது. அதன் கீழே நான் அன்று எழுதியிருந்தது, தண்ணீர் வண்டிக்காரனோடு போட்ட சண்டை.

மறுநாள் முதல் பின்னூட்டம் வந்தது. அதுவரை என் பக்கத்துக்கு வந்த ஒரே பின்னூட்டம் எடை குறைக்கும் மருந்து விற்கிறவனுடையது. இது மனுஷர் எழுதியது. "டீச்சர், எப்ப ஆரம்பிச்சது மழை?"

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் மரியாதையாகப் பதில் போட்டேன். மழையெல்லாம் இல்லை, அது சும்மா அழகுக்கு ஒட்டியது, இங்கே மண் தூசி பறக்கிறது என்று. உடனே அவர், "புரியுது டீச்சர், புரியுது. நல்ல மழை போல" என்று எழுதினார்.

வெளியூர்க்காரர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் பக்கம் நல்லதை ஒத்துக்கொள்கிற வழக்கம் கிடையாது. கண் பட்டுவிடும். கண்மாய் நிரம்பி மறுகால் போகும்போது கேட்டாலும், "என்னமோ தூத்தல் போட்டுச்சு" என்பார்கள். களத்தில் கம்பு குவிந்து கிடக்கும், "என்னத்த வெள்ளாமை" என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். இல்லை என்று எவ்வளவு அழுத்திச் சொல்கிறோமோ, அவ்வளவு இருக்கிறது என்று கேட்கிறவர் கூட்டிக்கொள்வார். தூசி பறக்கிறது என்று நான் எழுதியதைப் படித்தவர்கள், திருச்சுழியில் வெள்ளமே வந்துவிட்டது என்று முடிவு செய்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு திருப்பூரிலிருந்து, சென்னையிலிருந்து, துபாயிலிருந்து எல்லாம் வந்தார்கள். எல்லோரும் நம் பக்கத்து ஆட்கள். வெளியூரில் பிழைக்கிறவர்கள் போனை எடுத்ததும் "மழை உண்டுமா?" என்றுதான் கேட்பார்கள், சௌக்கியமா என்பது அப்புறம்தான். வீட்டில் இருக்கிறவர்கள் இல்லை என்பார்கள். அதை யார் நம்புவது? இப்போது கண்ணாலேயே பார்க்க ஒரு இடம் கிடைத்துவிட்டது. "எங்க வீட்ல பந்தல்குடிக்குப் பொட்டு மழை இல்லேங்கிறாக. உங்களுக்கு மட்டும் எப்படி?" என்று திருப்பூரிலிருந்து ஒருவர். இதிலும் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. தெருவின் ஒரு வரிசை நனைந்து, எதிர்வரிசை காய்ந்து கிடக்கும் ஊர்கள் எங்களுடையவை. திருச்சுழியில் கொட்டிப் பந்தல்குடியில் காய்ந்தால் பொறாமைப்படுவார்களே தவிர, சந்தேகப்பட மாட்டார்கள்.

தண்ணீர் வண்டிக்காரனைப் பற்றிய என் கட்டுரையை மட்டும் ஒரே ஒருவர் படித்திருந்தார். "இப்படிக் கொட்டுறப்போ தண்ணி வண்டி எதுக்கு டீச்சர், ஒரு அண்டாவ வெளிய வையுங்க" என்று யோசனை சொல்லியிருந்தார்.

மழையை எடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். எங்கே ஒட்டினேன் என்று தெரியவில்லை. எதையோ நீக்கினேன், மீன்கள் போயின. இன்னொன்றை நீக்கினேன், ராகுகாலம் நின்றுபோனது. மழை மட்டும் நிற்கவில்லை. வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "காயில் எதுவும் கட்டணுமா?" என்றார். கொஞ்ச நேரத்தில் எனக்கும் ஒரு எண்ணம் வந்தது. பெய்துவிட்டுப் போகட்டுமே. எத்தனை பேர் வருகிறார்கள்! உண்மையைச் சொன்னால் எனக்கு அது பிடித்திருந்தது.

முதலில் எழுதினாரே, அந்த மனிதர் குவைத்தில் இருக்கிறார். கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக மாற்றும் ஆலையில் வேலை. சொந்த ஊர் நரிக்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அம்மா இல்லை, அய்யா மட்டும் தனியாக இருக்கிறார், கொஞ்சம் மானாவாரி நிலம் இருக்கிறது என்று எழுதுவார். சுற்றிலும் உள்ள நிலமெல்லாம் சோலார் தகடு பதிக்கக் கொடுத்தாகிவிட்டதாம். நடுவில் இவர்களுடையது மட்டும் கிடக்கிறதாம். கொடுத்துவிடலாம் என்று இவர், முடியாது என்று அய்யா. பட்டா இருவர் பேரிலும் இருந்ததால் ஒருவர் இல்லாமல் இன்னொருவர் ஒன்றும் செய்ய முடியாது. கடைசியில் போனிலேயே ஒரு பேச்சு முடித்திருக்கிறார்கள். இந்த வருஷம் அய்யா விதைத்து வெள்ளாமையைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் தை மாதம் மகன் வருவார், கையெழுத்துப் போட்டுவிட வேண்டும்.

இதெல்லாம் எனக்கு ஒரு கதை மாதிரித்தான் இருந்தது, ஐப்பசியில் அந்த அய்யா என் வீட்டு வாசலில் வந்து நிற்கும்வரை. கடையில் விசாரித்து வந்திருக்கிறார். தோளில் துண்டு, கையில் ஒரு மஞ்சள் பை, பையில் எனக்குக் கொஞ்சம் குதிரைவாலி அரிசி.

"ஏந்தாயி, நீதான் மழை பெய்ய விடுற டீச்சரா?" என்றார்.

கோபம் வர வேண்டிய இடம். வரவில்லை. உட்காரச் சொன்னேன்.

"எம் மகன் தெனமும் போனப் போடுறான். 'திருச்சுழியில பேயுது, ஒங்களுக்கு மட்டும் பேயலையா? வெதச்சீகளா இல்லையா'ன்னு கேக்குறான். மழையே இல்லையப்பான்னா நம்ப மாட்டேங்குறான். 'ஒங்களுக்கு ஏலல, அதான் மழை மேல பழியப் போடுறீக. பேசாமக் குடுத்துருவோம்'ங்கிறான்."

நான் பதறிப்போய், இன்றைக்கே பெரிய எழுத்தில் மழை இல்லை என்று போட்டுவிடுகிறேன் என்றேன்.

அவர் வேகமாகத் தலையை ஆட்டினார். "அய்யய்யோ, அப்பிடிப் போட்டுறாத. மழை இல்லேன்னா, 'மழை பேயாத காட்ட வச்சு என்ன பண்ணப்போறீக'ன்னு அதுக்கும் குடுத்துருவோம்பான்."

பெய்தாலும் நிலம் போகும், பெய்யாவிட்டாலும் போகும். கணக்கு டீச்சர்தான் நான். எனக்கு விடை வரவில்லை. அவரே யோசித்து வைத்திருந்தார். மழை திருச்சுழியில் பெய்ய வேண்டும். அவர் ஊருக்கு இன்னும் வந்திருக்கக் கூடாது. ஆனால் வந்துகொண்டே இருக்க வேண்டும். "பக்கத்துல பேயுதுன்னா, நாளைக்கு நமக்கும் வரும்னு பொறுத்திருப்பான். அவன் பொறுக்குறதுக்குள்ள நான் புழுதியில வெதச்சுருவேன்."

"பொய்யில்லையா அய்யா?"

"மேகம் தெரளத்தான தாயி செய்யுது. அது பேயலேன்னா நம்ம பொய்யா?"

போகும்போது என் போனில் பக்கத்தைக் காட்டச் சொன்னார். கண்ணைச் சுருக்கி வெகுநேரம் பார்த்தார். "சாரல் நல்லாத்தான் விழுகுது" என்றார்.

அன்றிலிருந்து நான் மேகத்தை மேய்க்க ஆரம்பித்தேன். பக்கத்தின் உச்சியில் தினமும் 'மழை நிலவரம்' என்று இரண்டு வரி. திருச்சுழியில் மழை. கிழக்கே மேகம் நகர்கிறது. நரிக்குடிப் பக்கம் நாளை எதிர்பார்க்கலாம். மற்றவர்கள் சும்மா விடுவார்களா? "எங்களுக்கு மட்டும் ஏன் குடுக்க மாட்டேங்குறீக? பந்தல்குடிக்காரன்னா இளக்காரமா?" என்று திருப்பூர்க்காரர் சண்டைக்கு வந்தார். அவருக்குப் பயந்து ஒருநாள் பந்தல்குடிக்கு லேசான தூறல் போட்டேன். மறுநாளே அவர், "ஏதோ நாலு சொட்டு" என்று எழுதினார். பெருமழை என்று எனக்கும் புரிந்துவிட்டது. சிங்கப்பூரில் இருக்கும் வீரசோழன் ஊர்க்காரர் ஒருவர் ரொம்பப் பண்பாக, தங்கை கல்யாணம் முடியும்வரை தங்கள் ஊருக்கு மழை வேண்டாம், பந்தல் நனைந்துவிடும் என்று கேட்டுக்கொண்டார். சென்னையிலிருந்து ஒரு அம்மா, இடிச்சத்தம் சேர்க்க முடியுமா என்று கேட்டிருந்தார். தூக்கம் நன்றாக வருமாம்.

அய்யா சொன்னபடி மழைக்கு முன்பே காய்ந்த புழுதியில் குதிரைவாலியை விதைத்துவிட்டார். ஐப்பசிக் கடைசியில் உண்மையாகவே ஒரு மழை பெய்தது. முளைத்துவிட்டது என்று கடைக்குப் போன் செய்து சொன்னார், அதன் பிறகு நிலவரத்தில் நரிக்குடிக்கும் மழை என்றே போட்டேன். நிஜமழை பெய்த அன்றைக்குப் பார்த்து என் பக்கத்தில் யாரும் மழையைப் பற்றிக் கேட்கவில்லை. இங்கே வெளியே நிஜமாகவே தூறுகிறது என்று நான் எழுதியதற்கு, "அதான் ரெண்டு மாசமா பேயுதே டீச்சர்" என்று ஒருவர் பதில் போட்டார்.

கார்த்திகையில் எனக்குப் பொறுமை போனது. மினி பஸ்ஸில் ஒரு சீட்டுக்காக இரண்டு சம்பந்திகள் போட்ட சண்டையை ஒரு வாரம் உட்கார்ந்து எழுதியிருந்தேன். என் வாழ்நாளில் நான் எழுதியதில் அதுதான் உருப்படி. அதைப் போட்ட அன்று வந்த பின்னூட்டங்கள் அத்தனையும் மழை இன்றைக்குக் கொஞ்சம் அதிகமாகச் சாய்கிறதே, காற்று எந்தப் பக்கம் என்பதைப் பற்றி. என் எழுத்தை ஒரு ஆள் படிக்கவில்லை. சும்மா நனைந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எனக்கு வந்த கோபத்தில் டெம்ப்ளேட்டைத் திறந்து, வரிவரியாக விரலை வைத்துத் தேடி, அந்த நிரலைக் கண்டுபிடித்து வெட்டி எறிந்தேன். பக்கம் பளிச்சென்று காய்ந்து கிடந்தது. நிம்மதியாக இருந்தது.

நான்கைந்து நாளில் அய்யா வந்தார். இந்த முறை பை இல்லை. வாசலிலேயே நின்றார். வானத்து மழையும் ஐப்பசியில் பெய்த அந்த ஒன்றோடு நின்றுபோயிருந்தது. பயிர் கணுக்கால் உயரத்தில் வாடிக்கொண்டிருந்தது.

"மகன் கேட்டான் தாயி, ஏன் மழை நின்னுபோச்சுன்னு. கொஞ்சம் வெயில் அடிச்சாத்தான்டா களையெடுக்க முடியும்னு சொல்லி வச்சிருக்கேன்" என்றார். பிறகு, "வெட்டிட்டியா?" என்றார்.

ஆமாம் என்றேன். இந்தப் பொய் போதும் அய்யா என்றும் சொன்னேன்.

"மேல இருக்குறது நம்ம சொன்னாக் கேக்காது தாயி. ஓங் கையில இருக்குறதயாவது பேய விடு."

அவர் அங்கே நிற்கும்போதே மறுபடி தேடி எடுத்து ஒட்டினேன். பெய்ய ஆரம்பித்ததைப் பார்த்துவிட்டுப் போய் பஸ் ஏறினார். அந்த மழையால் அவருடைய பயிருக்கு ஒரு பிரயோசனமும் இல்லை என்று என் வீட்டுக்காரர் சொன்னார். தெரியாதா எனக்கு? கார்த்திகை முடிவில் வானம் இன்னொரு முறை கொஞ்சம் இரங்கியது. அவ்வளவுதான் அந்த வருஷம்.

தையில் மகன் வந்தார். அய்யாவையும் கூட்டிக்கொண்டு நேராக என் வீட்டுக்கு வந்தார். பேரீச்சம்பழம், ஒரு சென்ட் பாட்டில், என் வீட்டுக்காரருக்கு ஒரு டார்ச் லைட். ரொம்ப மரியாதையான மனிதர். அங்கே வேலை முடிந்து ரூமுக்கு வந்ததும் என் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொள்வாராம், கூட இருப்பவர்களும் பார்ப்பார்களாம். காபி கொடுத்தேன். குடித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"காட்டப் பாத்துட்டுத்தான் வாரேன் டீச்சர். பாதிதான் கதிர் வாங்கிருக்கு, அதுலயும் பாதி பதரு. புரட்டாசியில ஆரம்பிச்சு நீங்க எம்புட்டு மழை போட்டீக. நான் ஒருநாள் விடாமப் பாத்தேனே. அம்புட்டு மழைக்கும் இம்புட்டுத்தான் வெளையும்னா, அது மண்ணே இல்ல. செத்துப்போச்சு. நாளைக்கு நரிக்குடிக்குப் போயிக் கையெழுத்துப் போட்டுறலாம்னு சொல்லிட்டேன்."

என் மழை அந்த மண்ணுக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. "தம்பி, நான் ஒண்ணு சொல்லணும். அந்த மழை..." என்று ஆரம்பித்தேன்.

"நல்ல மழை" என்றார் அய்யா.

இருவரும் அவரைப் பார்த்தோம்.

"மழைக்குக் கொறச்சலே இல்லப்பா. மண்ணயும் கொற சொல்லாத. நாந்தான் பாக்கல. களையெடுக்கணும் எடுக்கணும்னு வேப்பமரத்தடியில படுத்துத் தூங்கிட்டேன். களைதான் அம்புட்டையும் தின்னுருச்சு."

மகனுக்கு முகம் சிவந்துவிட்டது. என் வீடு என்றும் பார்க்காமல் கத்தினார். "அப்ப நான் போன்ல கேக்குறப்பல்லாம் களையெடுக்கேன் எடுக்கேன்னதெல்லாம் பொய்யா? இப்பிடிக் கொட்டுற மழைய வச்சுக்கிட்டுப் படுத்துக் கெடந்தீகளா? ஒங்களுக்கு வெக்கமா இல்ல?"

"சோம்பேறித்தனந்தான்ப்பா" என்றார் அய்யா.

அவர் காபி டம்ளரைப் பிடித்திருந்த விரல்களை நான் அப்போதுதான் பார்த்தேன். காய்ந்து இறுகிய கரிசலில் கோரைக் களையைக் கிள்ளிக் கிள்ளி நகக்கண் எல்லாம் வெடித்து, கறுத்துப்போயிருந்தன. எதிரில் உட்கார்ந்திருந்த மகன் அவர் முகத்தைப் பார்த்துத்தான் திட்டிக்கொண்டிருந்தார். மழையே பெய்யவில்லை, இந்த மனிதர் ஒருநாள்கூடப் படுக்கவில்லை என்று கத்த வேண்டும் போல இருந்தது. கத்தினால் நிலம் போய்விடும்.

திட்டித் திட்டி மகன் ஓய்ந்தார். "அப்ப மண்ணு மேல தப்பில்ல" என்றார், தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி. பிறகு, "அடுத்த வருசம் ஆள் விட்டுக் களையெடுங்க. நான் அனுப்புறேன். நீங்க ஒண்ணும் குனிய வேணாம், வரப்புல நின்னு பாத்தாப் போதும்" என்றார். நரிக்குடிக்கு யாருக்கோ போன் போட்டு, நாளைக்கு வரவில்லை என்றும் சொன்னார்.

கிளம்பும்போது அவர் என் பக்கம் திரும்பி, "நீங்களாச்சும் இவருக்குப் புத்தி சொல்லுங்க டீச்சர். நீங்க சொன்னாக் கேப்பாரு" என்றார்.

அய்யா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இனிமேலாவது படுத்துத் தூங்காம, ஒழுங்கா வேலையப் பாருங்கய்யா" என்றேன்.

"சரி தாயி" என்றார்.